இணைகோடும் செங்குத்துக் கோடும்: எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் ஒரே தெருவில் மூன்று விதமான கணக்குப் புத்தகம் இருக்கும். ஒரு வீட்டில் கேரளப் பாடத்திட்டத்துத் தமிழ் மீடியம், அடுத்த வீட்டில் எல்லை தாண்டிப் போய்ப் படிக்கும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், எதிர் வீட்டில் சிபிஎஸ்இ. புத்தகம் எதுவானாலும் சாயங்கால டியூஷனில் இந்தப் பாடத்தை எடுத்தால் கிளம்பும் சந்தேகங்கள் ஒன்றேதான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் பார்க்கும் அப்பா அம்மாக்களும் கேட்பவை கீழே. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. இரண்டாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

இணைகோடு என்றால் என்ன? பரீட்சையில் எழுதுகிற மாதிரி சொல்லுங்கள், டீச்சர்.

ஒரே தளத்தில் இருந்துகொண்டு, இரண்டு பக்கமும் எவ்வளவு நீட்டினாலும் வெட்டிக்கொள்ளாத இரு நேர்கோடுகள் இணைகோடுகள். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

‘ஒரே தளத்தில்’ என்பதை விட்டுவிட்டால் விடை தப்பு. ரயில்வே மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ரோடு கிழக்கு மேற்காகப் போகிறது, கீழே தண்டவாளம் தெற்கு வடக்காக. இரண்டும் எங்கேயும் தொடாது. ஆனால் இணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவை ஒரு தளம் அமையாக் கோடுகள்.

எவ்வளவு நீட்டினாலும் சேராது என்கிறீர்களே, யார் கடைசி வரை போய்ப் பார்த்தது?

யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இந்தப் பாடத்தின் கரு இங்கேதான் இருக்கிறது. வரையறை கேட்பதைக் கண்ணால் சோதிக்க வழியில்லை. அதனால்தான் பாடம் முழுக்கக் கோணத்தைப் பற்றியே பேசுகிறது.

நோட்டில் 5 செ.மீ. இடைவெளி விட்டு 15 செ.மீ. நீளத்துக்கு இரண்டு கோடு போடுங்கள். ஒரு கோடு மற்றதன் பக்கம் 0.1 பாகை மட்டும் சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும்போது இடைவெளி சுமார் கால் மில்லிமீட்டர்தான் குறைந்திருக்கும். உங்கள் பென்சில் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். எந்தக் கண்ணுக்கும் அவை இணைகோடுதான். ஆனால் நீட்டிக்கொண்டே போனால் ஏறக்குறைய 28.6 மீட்டர் தள்ளி இரண்டும் முட்டிக்கொள்ளும். ஸ்கூல் மைதானத்தைத் தாண்டுவதற்குள் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆகவே கடைசி வரை போகாமல், இருந்த இடத்திலேயே தெரிந்துகொள்ள ஒரு சோதனை வேண்டும். இரண்டையும் வெட்டுகிற மாதிரி மூன்றாவதாக ஒரு கோடு (இதற்குப் பெயர் குறுக்குவெட்டி) போட்டு, அது இரண்டிலும் ஒரே கோணத்தில் சாய்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. ஒரே கோணம் என்றால் இணை. துளி வித்தியாசம் இருந்தாலும் எங்கேயோ ஓரிடத்தில் சேரும். இதை மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் வரும் ‘ஒத்த’, ‘ஒன்றுவிட்ட’ எல்லாம் எதற்கு என்று தானாக விளங்கும்.

செங்குத்துக் கோடு என்றால் நட்டக்குத்தலாக நிற்கும் கோடா?

இல்லை. இரண்டு கோடுகள் 90 பாகையில் வெட்டிக்கொண்டால் ஒன்றுக்கு ஒன்று செங்குத்து. எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பது கணக்கில்லை. நோட்டைச் சாய்த்துப் பிடியுங்கள், கோடுகள் சாயும், கோணம் மாறாது. ஒரு கோட்டை மட்டும் காட்டி ‘இது செங்குத்தா’ என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எதற்குச் செங்குத்து என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கொத்தனார் பையில் இதற்கு இரண்டு தனித்தனிச் சாமான் இருக்கும். நட்டக்குத்தல் பார்க்கத் தூக்குக்குண்டு. இரண்டு சுவர் சேரும் மூலை பார்க்க மூலைமட்டம். ஒன்றை வைத்து மற்றதன் வேலையைச் செய்ய மாட்டார்.

கோணமானி இல்லாமல் 90 பாகை பிடிக்க முடியுமா?

நோட்டு அளவில் என்றால் சுலபம். ஒரு தாளை எப்படி வேண்டுமானாலும் மடியுங்கள், ஓரம் நேர்கோடாகும். அந்த ஓரம் தன்மேலேயே பொருந்துகிற மாதிரி இன்னொரு முறை மடியுங்கள். 180 பாகை சரிபாதியாகி 90 கிடைத்துவிடும்.

நிலத்தில் என்றால் கயிறுதான். நம் பக்கம் தென்னந்தோப்பு போடுகிறவர்கள் வழக்கமாக 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டு, சதுரமாக வரும்படி குழி எடுப்பார்கள். முதலில் வரப்பை ஒட்டி ஒரு நேர் கயிறு கட்டி, 25 அடிக்கு ஒரு முளைக்குச்சி அடிக்கிறார்கள். அடுத்த வரிசைக்கு அந்தக் கயிற்றிலிருந்து செங்குத்தாகத் திரும்ப வேண்டும். மூலையிலிருந்து கயிற்றின்மேல் 15 அடியில் ஓர் அடையாளம், திரும்பப்போகும் பக்கம் 20 அடியில் ஓர் அடையாளம். இரண்டுக்கும் குறுக்கே டேப் பிடித்தால் 25 அடி வர வேண்டும். வந்தால் மூலை 90. இது கொத்தனார்கள் சொல்லும் 3, 4, 5 கணக்கேதான், ஐந்தால் பெருக்கியது. கயிற்றை வைத்து மூலை பிடிக்கும் வித்தை இந்த நாட்டில் மிகப் பழையது. செவ்வகத்தின் மூலைவிட்டத்தைப் பற்றிய விதி போதாயன சுல்ப சூத்திரத்திலேயே இருக்கிறது.

இதில் எவ்வளவு சுத்தம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 25 அடி இரண்டரை அங்குலம் கூடிப்போனால் மூலை 91 பாகையாகிவிடும். ஒரு பாகைதானே என்று விட்டால், பத்தாவது மரத்துக்குப் போகும்போது, அதாவது 225 அடி தள்ளி, கோடு ஏறக்குறைய நான்கடி விலகியிருக்கும். இழுத்தால் நீளும் நைலான் கயிற்றைக் குறுக்கு அளவுக்குப் பிடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

நான்கு குச்சி அடித்த பிறகு இன்னொரு சோதனை: இரண்டு மூலைவிட்டமும் சமமா பாருங்கள். 25 அடிச் சதுரத்துக்கு 35 அடி 4 அங்குலம் சொச்சம் வரும். நான்கு பக்கமும் 25 அடி இருந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். நான்கு பக்கமும் சமமான சாய்சதுரமும் அதே அளவு காட்டும். எதிர்ப்பக்கங்கள் இணையாகத்தான் இருக்கும், மூலை மட்டும் 90 இருக்காது. மூலைவிட்டம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

குறுக்குவெட்டி போட்டால் எட்டுக் கோணம் வருகிறது. எல்லாப் பெயரையும் மனப்பாடம் பண்ணணுமா?

பெயர் வேண்டும், பரீட்சையில் காரணம் எழுத. ஆனால் அளவுகளை மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. கோடுகள் இணையாக இருந்தால் எட்டுக் கோணத்திலும் இரண்டே அளவுதான். ஒன்று 65 என்றால் மற்ற ஏழும் 65 அல்லது 115. கூர்மையாகத் தெரிவதெல்லாம் ஒரு கட்சி, விரிந்து தெரிவதெல்லாம் எதிர்க்கட்சி. ஒரு கட்சிக்குள் எல்லாம் சமம், கட்சிக்கு ஒன்று எடுத்துக் கூட்டினால் 180. குறுக்குவெட்டி செங்குத்தாக இருந்தால் கட்சியே இல்லை, எட்டும் 90.

பெயர்களுக்கு ஒரு வழி. இரண்டு வெட்டுப்புள்ளியிலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவை, உதாரணமாக இரண்டும் மேல்வலது மூலை என்றால், ஒத்த கோணங்கள். இணைகோடுகளுக்கு உள்ளே, குறுக்குவெட்டியின் அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று என்றால் ஒன்றுவிட்ட உட்கோணங்கள். இசட் எழுத்தின் இரண்டு மடிப்புகள் அவை. உள்ளே, ஒரே பக்கத்தில் இருப்பவற்றைப் பிடிக்க நம் ‘ப’ போதும். ‘ப’வின் இரண்டு கால்களும் இணைகோடுகள், அடிக்கோடு குறுக்குவெட்டி. நேராக எழுதினால் இரண்டு மூலையும் 90, கூட்டினால் 180. இரண்டு காலையும் ஒரே பக்கம் சாய்த்து எழுதுங்கள். ஒரு மூலை 110 ஆனால் மற்றது 70. கூட்டுத்தொகை அசையாது.

‘ஒத்த கோணங்கள் சமம்’ என்று எழுதினேன், மார்க் குறைத்துவிட்டார்கள். ஏன்?

அந்த வாக்கியம் பாதிதான். இணையே இல்லாத இரண்டு கோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டினாலும் ஒத்த கோணங்கள் உண்டு, சமமாகத்தான் இருக்காது. ‘கோடுகள் இணை, ஆகவே ஒத்த கோணங்கள் சமம்’ என்று எழுதினால்தான் முழுசு.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘ஒத்த கோணங்கள் சமம், ஆகவே கோடுகள் இணை.’ இதை மறுதலை என்பார்கள். இரண்டும் உண்மை, ஆனால் வேலை வேறு. கணக்கில் ‘கோடுகள் இணை’ என்று கொடுத்துக் கோணம் கேட்டால் முதலாவது. கோணங்களைக் கொடுத்து ‘கோடுகள் இணையா?’ என்று கேட்டால் இரண்டாவது. பிள்ளைகள் இரண்டாம் வகைக் கணக்கில் முதலாவதை எழுதுகிறார்கள். அதாவது, இணையா என்று கேட்ட கேள்விக்கு ‘இணையாக இருப்பதால் கோணம் சமம், கோணம் சமமாக இருப்பதால் இணை’ என்று வட்டம் சுற்றிவிடுகிறார்கள். திருத்துகிறவர் மார்க் போட விரும்பினாலும் போட இடமிருக்காது.

எழுதத் தொடங்கும் முன் பென்சிலால் கேள்வித்தாளில் ஒரு கோடு போடுங்கள்: எது கொடுத்தது, எது கேட்டது. அம்பு கொடுத்ததிலிருந்து கேட்டதை நோக்கித்தான் போக வேண்டும்.

படத்தில் இணை மாதிரிதான் தெரியுது. எடுத்துக்கலாமா?

கூடாது. கோட்டின்மேல் அம்புக்குறி இருந்தாலோ, இணை என்று எழுத்தில் சொல்லியிருந்தாலோ மட்டும்தான். செங்குத்துக்கும் அப்படியே, மூலையில் குட்டிச் சதுரம் இருக்க வேண்டும். வேண்டுமென்றே 88 பாகையை 90 மாதிரி வரைந்து வைக்கும் கேள்விகளும் உண்டு.

ஒரே கோட்டுக்குச் செங்குத்தான இரண்டு கோடுகள் இணையா?

ஆமாம், ஒரே தளத்தில் இருந்தால். இரண்டும் அந்தக் கோட்டோடு 90 பாகை, ஒத்த கோணங்கள் சமம், ஆகவே இணை. நோட்டு மார்ஜினுக்குச் செங்குத்தாக எத்தனை கோடு போட்டாலும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது இதனால்தான்.

இதோடு சேர்த்துப் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் சங்கதி ஒன்று. இணைக்கு இணை இணைதான். செங்குத்துக்குச் செங்குத்து செங்குத்து இல்லை, இணை. இதை டியூஷனில் உறவுமுறை வைத்துச் சொன்னால் பட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்: பங்காளிக்குப் பங்காளி பங்காளி, மச்சானுக்கு மச்சான் பங்காளி, பங்காளிக்கு மச்சான் நமக்கும் மச்சான். கடைசியாகச் சொன்னது எதைக் குறிக்கிறது தெரிகிறதா? இரண்டு இணைகோடுகளில் ஒன்றுக்குச் செங்குத்தானது மற்றதற்கும் செங்குத்து. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டியும் இந்த மூன்று தேற்றத்தையும் தடுமாறாமல் சொல்லிவிடுவார்.

இணைகோட்டுக்கு நடுவே உள்ள தூரத்தை எப்படி அளப்பது? சாய்வாக அளந்தால் என்ன?

செங்குத்தாகத்தான் அளக்க வேண்டும். அதுதான் மிகக் குறைந்த தூரம், அது மட்டும்தான் எங்கே அளந்தாலும் மாறாத ஒரே எண். சாய்த்து அளந்தால் சாய்க்கிற அளவுக்கு ஏற்ப எண் மாறிக்கொண்டே போகும்.

இதை அப்பாமார்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இது காசு விஷயம். இணைகர வடிவில் ஒரு காடு. ரோட்டோரப் பக்கம் 60 மீட்டர், அதற்கு எதிர்ப்பக்கமும் 60 மீட்டர், இரண்டும் இணை. சாய்வான வரப்பு 40 மீட்டர். ரோட்டோரத்துக்கும் எதிர் வரப்புக்கும் செங்குத்தாக அளந்தால் 32 மீட்டர். பரப்பு 60 பெருக்கல் 32, அதாவது 1920 சதுர மீட்டர். அவசரத்தில் நீளம் பெருக்கல் அகலம் என்று வரப்பையே எடுத்துப் போட்டால் 2400 சதுர மீட்டர். ஒரு சென்ட் சுமார் 40.47 சதுர மீட்டர். முதல் கணக்குக்கு 47 சென்ட் சொச்சம், இரண்டாவதுக்கு 59 சென்ட் சொச்சம். இல்லாத பன்னிரண்டு சென்ட்டுக்குப் பணம் எண்ணிக்கொடுத்த மாதிரி ஆகும். ஏழாம் வகுப்பில் ‘உயரம் என்றால் செங்குத்து உயரம்’ என்று டீச்சர் கத்துவது இதற்குத்தான்.

தண்டவாளம் தூரத்தில் சேர்கிற மாதிரி தெரிகிறதே?

தெரிகிறது, சேர்வதில்லை. பாலக்காடு பொள்ளாச்சிப் பாதையில் முதலமடை ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்தே பாருங்கள், தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மி.மீ. காலடியில் அது பெரிதாகத் தெரிகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி அதே 1676 மி.மீ. நம் கண்ணில் 0.1 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. கண் அளப்பது கோணத்தை, தூரத்தை அல்ல. அந்தப் பாதை மீட்டர் கேஜாக இருந்து மாற்றப்பட்டு 2015இல் திரும்பத் திறந்தது. முன்பு இடைவெளி 1000 மி.மீ., அப்போதும் தூரத்தில் சேர்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வளைவில் திரும்பும் தண்டவாளத்தைக் காட்டி இணைகோடு என்று எழுதாதீர்கள். இடைவெளி மாறாமல் இருக்கலாம், ஆனால் அவை நேர்கோடுகள் இல்லை.

மூலைமட்டத்தை வைத்து இணைகோடு போட்டால் கோடு கோணலாகிறது.

ஜாமெட்ரி பாக்ஸில் கவராயமும் கோணமானியும் தேய்ந்து போயிருக்கும், இரண்டு மூலைமட்டமும் வாங்கியபடியே புதிதாகக் கிடக்கும். இணைகோட்டுக்கு அதைவிட வசதியான சாமான் கிடையாது. முதல் கோட்டோடு மூலைமட்டத்தின் ஒரு ஓரத்தைப் பொருத்துங்கள். இன்னொரு ஓரத்தில் ஸ்கேலை அண்டக் கொடுங்கள். ஸ்கேலை இடது கையின் விரல்களை விரித்து, இரண்டு இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஒரே விரலில் அழுத்தினால் ஸ்கேல் அந்த விரலைச் சுற்றித் திரும்பும். பெரும்பாலான கோணலுக்கு அதுதான் காரணம். இப்போது மூலைமட்டத்தை ஸ்கேலை ஒட்டியே நகர்த்தி அடுத்த கோட்டைப் போடுங்கள். ஸ்கேல்தான் குறுக்குவெட்டி, மூலைமட்டத்தின் மூலை மாறாத கோணம். ஒத்த கோணம் சமம் என்பதால் கோடுகள் இணை. பென்சிலை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தீர்களோ, இரண்டு கோட்டுக்கும் அப்படியே பிடியுங்கள்.

இந்தக் கணக்கு புரியவே இல்லை: இரண்டு இணைகோட்டுக்கு நடுவில் மடங்கிய கோடு.

பெரிய வகுப்புகளில் அடிக்கடி வருவது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, இரண்டும் இணை. மேல்கோட்டில் ‘அ’ என்று ஒரு புள்ளி, கீழ்க்கோட்டில் ‘ஆ’. இரண்டுக்கும் வலது பக்கம், கோடுகளுக்கு நடுவே ‘இ’ என்று ஒரு புள்ளி. அ-விலிருந்து இ-க்கும், இ-யிலிருந்து ஆ-வுக்கும் கோடு இருக்கிறது. மேல்கோட்டின் வலப்பக்கத்தோடு அஇ 40 பாகையில் சாய்கிறது, கீழ்க்கோட்டின் வலப்பக்கத்தோடு ஆஇ 35 பாகையில். இ-யில் உள்ள கோணம் என்ன?

அப்படியே பார்த்தால் ஒன்றும் ஓடாது, ஏனென்றால் இரண்டு இணைகோட்டையும் வெட்டுகிற ஒரே கோடு படத்தில் இல்லை. இல்லாவிட்டால் நாமே போட வேண்டியதுதான். இ வழியாக மற்ற இரண்டுக்கும் இணையாக ஒரு கோடு இழுங்கள். இ-யில் உள்ள கோணம் இரண்டு துண்டாகிவிட்டது. மேல்துண்டு 40க்கு ஒன்றுவிட்ட உட்கோணம், ஆகவே 40. கீழ்த்துண்டு அதே காரணத்தால் 35. மொத்தம் 75.

விடையைவிட, கோட்டைச் சேர்க்கலாம் என்ற தைரியம்தான் இதில் கற்க வேண்டியது. முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் 180 என்பதை நிறுவவும் இதே வித்தைதான். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டால், அடியில் உள்ள இரண்டு கோணமும் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே ஏறி, உச்சிக் கோணத்தின் இரு பக்கமும் உட்கார்ந்துகொள்ளும். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோடு.

ஒரு புள்ளி வழியாக ஒரே ஒரு இணைகோடுதானா? இரண்டு போட முடியாதா?

சமதளத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆனால் ‘ஏன்’ என்று கேட்டால் நீங்கள் பெரிய ஆட்களின் வரிசையில் நிற்கிறீர்கள். யூக்ளிட் இதற்கு ஈடான ஒன்றை ஐந்தாவது எடுகோளாக, நிறுவாமலே வைத்துக்கொண்டார். இன்று நாம் படிக்கும் எளிய வடிவம் 1795இல் ஸ்காட்லாந்துக்காரர் பிளேஃபேர் பரப்பியது. மற்ற எடுகோள்களிலிருந்து இதை நிறுவிவிடலாம் என்று இரண்டாயிரம் வருடம் முயன்றார்கள். 1733இல் இத்தாலியின் சக்கேரி ஒரு புத்தகமே எழுதினார். கடைசியில் ரஷ்யாவில் லொபசேவ்ஸ்கி 1829இலும், ஹங்கேரியில் போல்யாய் 1832இலும், ஒரு புள்ளி வழியாகப் பல இணைகோடுகள் போகிற இன்னொரு வடிவியலே இருக்க முடியும் என்று காட்டிவிட்டார்கள்.

உருண்டையின்மேல் கதை நேர் எதிர், இணைகோடே கிடையாது. பூமியின் தீர்க்கக்கோடுகள் எல்லாம் பூமத்திய ரேகைக்குச் செங்குத்து. மேலே சொன்ன தேற்றப்படி அவை இணையாக இருக்க வேண்டும். ஆனால் ஒரு பாகை வித்தியாசமுள்ள இரண்டு தீர்க்கக்கோடுகளுக்கு நடுவே பூமத்திய ரேகையில் சுமார் 111 கி.மீ., பாலக்காட்டு அட்சத்தில் சுமார் 109 கி.மீ., டெல்லிக்குப் போனால் சுமார் 98 கி.மீ.தான், துருவத்தில் சுழி. பூமத்திய ரேகையும் இரண்டு தீர்க்கக்கோடும் சேர்ந்து செய்யும் முக்கோணத்தில் அடியிலேயே இரண்டு 90 வந்துவிடுகிறது. உச்சிக் கோணத்தையும் சேர்த்தால் 180ஐத் தாண்டிவிடும். நோட்டுத் தாள் தட்டையாக இருப்பதால்தான் நம் பாடம் நிற்கிறது.

பத்தாம் வகுப்பில் சாய்வுகளைப் பெருக்கினால் கழித்தல் ஒன்று என்கிறார்கள். எங்கிருந்து வந்தது?

இணைக்குச் சாய்வு சமம் என்பது நேரடி: ஒரே அளவு ஏறினால் ஒரே திசை. செங்குத்துக்கு ஒரு கட்டத்தாளை எடுங்கள். (1, 2)இலிருந்து (4, 4)க்குப் போக, வலப்பக்கம் 3 கட்டம், மேலே 2 கட்டம். சாய்வு 2/3. இப்போது தாளை இடப்பக்கமாகக் கால் வட்டம் திருப்புங்கள். வலப்பக்கம் போன 3 கட்டம் மேலே போகும் 3 ஆகிவிட்டது. மேலே போன 2 கட்டம் இடப்பக்கம் போகும் 2 ஆகிவிட்டது. புதிய சாய்வு 3 வகுத்தல் கழித்தல் 2, அதாவது -3/2. பெருக்கினால் -1. தலைகீழாவது திருப்பியதால், குறி மாறுவது வலது இடதானதால். எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள், எப்போதும் இதேதான்.

விதிவிலக்கு ஒன்று: எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் செங்குத்து, ஆனால் ஒய் அச்சுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை. அங்கே பெருக்கிப் பார்க்கப் போகாதீர்கள்.

சாய்வு சமமாக இருந்தால் இணை என்று எழுதிவிடலாமா?

ஒரே கோடாக இல்லை என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 2எக்ஸ் + 3ஒய் = 6, 4எக்ஸ் + 6ஒய் = 12 இரண்டும் ஒரே கோடு. முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், தெரியும்.

பிள்ளையை மலையாளம் மீடியத்துக்கு மாற்றுகிறோம். இந்தப் பாடம் திரும்பப் படிக்கணுமா?

வேண்டாம். இணைகோடு அங்கே சமாந்தர ரேகை, செங்குத்து லம்பம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாக ஒரு பட்டியல் எழுதி ஒரு வாரம் புரட்டினால் முடிந்தது. கேரளப் பாடத்தில் இணைகோடு வைத்து ஒரு கோட்டை விகிதத்தில் பிரிக்கும் செய்முறைக்கு அழுத்தம் அதிகம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் அதையே தேல்ஸ் தேற்றம் என்று படிப்பார்கள். வரையும் பழக்கம் இருந்தால் எந்தப் பக்கம் போனாலும் கஷ்டமில்லை.

ஒரு கோட்டுக்கு ஒரு புள்ளியில் எத்தனை செங்குத்து வரையலாம்?

தாளில் ஒன்று. வெளியில், அதாவது முப்பரிமாணத்தில், எண்ணற்றவை. தரையில் நேராக நட்ட கம்பத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு தரையில் எந்தப் பக்கம் கோடு கிழித்தாலும், கம்பம் அதற்குச் செங்குத்து.

அப்படியானால் கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்க்க எல்லாப் பக்கமும் சுற்றி வர வேண்டுமா? வேண்டாம். வெட்டிக்கொள்ளும் இரண்டு கோட்டுக்குச் செங்குத்தாக இருந்தால், அந்த இரண்டும் இருக்கும் தளத்தில் அதே புள்ளி வழியாகப் போகிற எல்லாக் கோட்டுக்கும் செங்குத்து என்று ஒரு தேற்றம் இருக்கிறது. தூணுக்குப் பலகை அடைக்கும்போது கொத்தனார் ஒரு முகத்தில் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறார், பிறகு அடுத்த முகத்துக்கு வந்து இன்னொரு தடவை விட்டுப் பார்க்கிறார். மூன்றாவது முகத்துக்குப் போவதில்லை.